யூதப் பிள்ளைகள் இல்லாத யூதப் பள்ளிக்கூடம்

மே, ஜூன் வந்தால் எங்கள் பிராஞ்சில் கல்விக் கடன் கூட்டம். ரிசல்ட் வந்த கையோடு அப்பாவும் பிள்ளையுமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா பேசுவார், பிள்ளை தரையைப் பார்க்கும். நான் மார்க் ஷீட்டைப் பார்ப்பேன். இருபது வருடத்துக்கு மேலாக இதே காட்சி. ஊர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. சேலம், நாக்பூர், டெல்லி, இப்போது கொல்கத்தா.

போன வருடம் அப்படி ஒரு தகப்பனும் பெண்ணும் வந்தார்கள். (ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். வங்கிக்காரனுக்கு வாய்க்கட்டு வேண்டும்.) பார்க் சர்க்கஸ் பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருப்பவர். பெண்ணுக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முஸ்லிம் குடும்பம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கணக்கில் நல்ல மார்க். அதற்கு மேலே பள்ளியின் பெயரைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்க எப்படி யூதப் பள்ளியிலே...?" என்று இழுத்தேன். அவர் சிரித்தார். இந்தக் கேள்வியைப் பல பேரிடம் கேட்டுப் பழகியவர் போலிருக்கிறது. "வீட்டுக்குப் பக்கம் சார். பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம். ஃபீஸ் கட்டுப்படியாகிறது. என் அக்கா பெண்களும் அங்கேதான் படித்தார்கள். வேறென்ன பார்க்க வேண்டும்?"

அந்தப் பெண்ணைப் பார்த்து, "உன் வகுப்பில் யூதப் பெண்கள் யாராவது உண்டா?" என்றேன். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். "ஒருத்தர்கூட இல்லை அங்கிள். ஆனால் யூனிஃபார்மில் நட்சத்திரம் இருக்கும்."

அந்த ஒரு பதில் என்னை விடவில்லை. நான் படித்தது பி.காம். சரித்திரம் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் அன்றிலிருந்து சனிக்கிழமைகளிலும் மதிய இடைவேளைகளிலும் இந்தப் பள்ளியின் கதையைத் தேடிக்கொண்டே இருந்தேன். தேடியதை இங்கே இறக்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இவர்கள் யார், எப்படி வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் யூதர் என்றால் நமக்குக் கொச்சிதான் ஞாபகம் வரும். அவர்கள் ஒரு பிரிவு. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, மராத்தி பேசி வாழ்ந்த பெனே இஸ்ரேல் இன்னொரு பிரிவு. கொல்கத்தா யூதர்கள் மூன்றாவது வகை, இவர்களைப் பாக்தாதி யூதர் என்பார்கள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வியாபாரத்துக்காக வந்தவர்கள். முதலில் வந்து ஊன்றியவர் அலெப்போ நகரத்து ஷாலோம் கோஹன். 1798-இல் சூரத்திலிருந்து இங்கே வந்தார். நகை வியாபாரி. பிற்பாடு லக்னோ நவாபின் அரசவை நகைக்காரராகவும் இருந்தார். ஒருவர் வந்து பிழைத்துக்கொண்டால் பின்னால் மச்சான், மருமகன், பங்காளி என்று வரிசை கட்டுவது நமக்குத் தெரியாத விஷயமா? அதேதான் இங்கேயும் நடந்தது. பாக்தாதில் தாவூத் பாஷா ஆளுநராக இருந்த காலத்துக் கெடுபிடிகளும் பலரை இந்தப் பக்கம் தள்ளின.

அபின், அவுரி, பட்டு, பிறகு சணல், அதற்கும் பிறகு நிலமும் கட்டடமும். அபின் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. ஆனால் வரவு எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டுச் செலவைப் பாராட்டினால் அது கணக்கே இல்லை. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் அபின் சட்டப்படியான வியாபாரம், கம்பெனியே முன்னின்று ஏலம் விட்ட சரக்கு. அதில் வந்த லாபத்தில் ஒரு பங்கு ஜெபாலயமாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. எஸ்ரா குடும்பம் இவர்களில் பெரிய பணக்காரர்கள். எங்கள் ஆபீசிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எஸ்ரா தெரு என்றே ஒன்று இருக்கிறது. எஸ்பிளனேட் மேன்ஷன்ஸ் என்ற அழகான கட்டடமும் அவர்கள் கட்டியதுதான்.

எல்லோரும் எஸ்ரா ஆகிவிடவில்லை. பெரிய வீட்டுக்குப் பின்னால் குமாஸ்தாக்கள், சில்லறை வியாபாரிகள், சமூகத்தின் தர்மப் பணத்தை எதிர்பார்த்திருந்த ஏழைகள் என்று நிறைய பேர். இவர்கள் வீட்டில் பேசியது அரபு. எழுதியது அதே அரபை எபிரேய எழுத்தில். அந்த மொழியில் 1870-களிலும் 80-களிலும் கல்கத்தாவில் பத்திரிகையே அச்சாகியிருக்கிறது. வந்த ஊரில் தாய்மொழிப் பத்திரிகை நடத்துவதும் நமக்குப் பழகிய விஷயம்தான்.

சரி, பள்ளிக்கு வருகிறேன்.

1881-இல் ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல் தொடங்கியதற்குக் காரணம் பயம். பெண்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. கல்வி கொடுத்த பள்ளிகளோ பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள். அங்கே அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற கவலை. அனுப்பாவிட்டால் பிள்ளை படிக்காமல் போய்விடுமே என்ற கவலை. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்டுபிடித்த வழி, சொந்தமாக ஒரு பள்ளி. ஆங்கிலமும் உண்டு, எபிரேயமும் உண்டு, வேதமும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கும் அந்தக் காலகட்டத்திலேயே தனிப் பள்ளி வந்தது. போபஜார் தெருவில் இருக்கும் எலியாஸ் மேயர் பள்ளி அந்த வழியில் வளர்ந்ததுதான்.

பெண்கள் பள்ளி முதலில் இருந்தது பொல்லாக் தெருவில், பெத் எல் ஜெபாலயத்துக்குப் பக்கத்தில். ஒரு நாள் மதியம் டிபன் பாக்சை மூடிவைத்துவிட்டு நடந்தே போய்ப் பார்த்தேன். டல்ஹவுசி சதுக்கத்திலிருந்து பத்து நிமிடம். மின்சாமான் கடைகள், கூலிவண்டிகள், தலையில் மூட்டையோடு "சோரோ, சோரோ" என்று கத்திக்கொண்டு வருகிறவர்கள். 1856-இல் கட்டிய பெத் எல் அந்த இரைச்சலுக்கு நடுவில் அமைதியாக நிற்கிறது. கொஞ்ச தூரத்தில், கானிங் தெரு முனையில், 1884-இல் முடிந்த மாகன் டேவிட். சிவப்புக் கல்லும் கூர்க்கோபுரமும் கடிகாரமுமாகப் பார்த்தால் சர்ச் என்றுதான் நினைப்போம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு பள்ளியும் இரண்டு கோயில்களும் கூப்பிடு தூரத்தில். எங்கள் ஊர் அக்ரகாரத்திலும் அப்படித்தான் இருந்தது.

இந்தப் பள்ளியின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் ரெஜினா குஹா. நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பா பியாரி மோகன் குஹா, வங்காளி வக்கீல். அம்மா சிம்ஹா கப்பாய், பாக்தாதி யூதக் குடும்பத்துப் பெண். அப்பாதான் யூத மதத்துக்கு மாறினார். அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்திலும் எவ்வளவு பேச்சு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகள் ரெஜினா 1913-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆங்கில எம்.ஏ.வில் முதல் வகுப்பில் முதலாவதாக வந்தார். பிறகு சட்டமும் படித்து முடித்தார். 1916-இல் அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பம் போட்டார். பெண் வக்கீலாகலாமா என்ற கேள்வி உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு வரைக்கும் போனது.

அவருக்காக வாதாடியவர் எர்ட்லி நார்ட்டன். இந்தப் பெயர் நம்மவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மதராஸ் உயர்நீதிமன்றத்தில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாட மதராசிலிருந்து இங்கே வரவழைக்கப்பட்டவர். அந்த வழக்கில் அவர் தோற்று, 1909-இல் அரவிந்தர் விடுதலையாகி, மறு வருடம் புதுச்சேரி வந்து சேர்ந்தது எல்லோரும் அறிந்த கதை. அதே நார்ட்டன் ஏழு வருடம் கழித்து ஒரு பெண்ணுக்காக எழுந்து நின்றார். வாதம் எளிமையானது. 1879-ஆம் வருடத்துச் சட்டம் தகுதியுள்ள 'நபர்' வக்கீலாகலாம் என்கிறது. பெண் நபர் இல்லையா?

இல்லை என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். சட்டம் இயற்றியவர்கள் மனதில் ஆண்கள்தான் இருந்தார்கள் என்பது தீர்ப்பின் சாரம். விண்ணப்பம் தள்ளுபடி.

வக்கீல் வேலை மறுக்கப்பட்ட ரெஜினா ஆசிரியையாகி, ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூலின் தலைமையாசிரியையானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் யூதப் பெண் அவர்தான் என்கிறார்கள். அதுவே ஒரு செய்தி. தங்கள் பெண்களைத் தங்களிடமே வைத்துக்கொள்ள ஆரம்பித்த பள்ளியை நடத்தத் தங்களுக்குள்ளேயே ஒரு பெண் கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பெண்களைப் படிக்கவைப்பதன் பலன் வட்டிக்கணக்கு மாதிரி. முதல் சில வருடங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ரெஜினா 1919-இல் இறந்துபோனார். பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்தது 1923-இல். நான்கு வருட வித்தியாசம். அவர் பெயரில் குடும்பத்தார் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஒரு தங்கப் பதக்கத்துக்கு நிதி வைத்தார்கள். ஆங்கில எம்.ஏ.வில் முதலாவதாக வருகிறவருக்கு அது. அவர் தங்கை ஹன்னா சென் டெல்லியில் 1932-இல் ஆரம்பித்த லேடி இர்வின் கல்லூரியின் முதல் இயக்குநர். 1952-இல் ராஜ்யசபா உறுப்பினரும் ஆனார். டெல்லியில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். லேடி இர்வின் கல்லூரி வாசலை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அதற்கும் கல்கத்தா யூதர்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இனி, என்னை உண்மையிலேயே சங்கடப்படுத்திய பகுதி.

பள்ளி எதற்காக ஆரம்பிக்கப்பட்டதோ அதில் ஜெயித்தது. பெண்கள் படித்தார்கள், மதத்திலும் நிலைத்தார்கள். சனிக்கிழமை ஓய்வும் பண்டிகையும் உணவு விதிகளும் காப்பாற்றப்பட்டன. ஆனால் ஒன்று போய்விட்டது. மொழி. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறையில் வீட்டு அரபு தேய்ந்து, பாட்டிகளோடு நின்றுபோனது. பேரப்பிள்ளைகள் பேசியது ஆங்கிலம். உடை மாறியது, பெயர் மாறியது. வேலைக்காரர்களிடம் பேசக் கொஞ்சம் இந்துஸ்தானி. வங்காளம் பெரும்பாலோருக்கு வரவே இல்லை. மதத்தைக் காப்பாற்ற ஒரு பள்ளி போதுமாக இருந்தது. மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் மட்டும் முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இந்தச் சமூகம் உச்சத்துக்கு வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் யூதர்கள் இங்கே ஓடிவந்தார்கள். நம் செட்டிநாட்டுக்காரர்களும் கூலிக்குப் போன தமிழர்களும் நடந்தே வந்த அதே வருடம். எல்லோரையும் சேர்த்தால் ஏறத்தாழ நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் யூதர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அதற்குப் பிறகு சரிவு. 1946 ஆகஸ்டில் நடந்த கலவரம் ஊரையே உலுக்கியது. 1947-இல் சுதந்திரம், பிரிவினை. 1948-இல் இஸ்ரேல் பிறந்தது. வெள்ளைக்காரனோடு பின்னிக்கிடந்த வியாபாரம் என்னாகுமோ என்ற கவலை. இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. யாரும் இவர்களைப் போகச் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் யூதர்கள் துரத்தப்பட்ட கதைதான் உண்டு, இங்கே அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கல்கத்தாவில் பிறந்த யூதரான ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப்தான் 1971-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய ஏற்பாடு செய்தவர். பிற்பாடு இரண்டு இடங்களில் ஆளுநராகவும் இருந்தார்.

போகச் சொல்லாமலே போனார்கள். லண்டன், சிட்னி, இஸ்ரேல், அமெரிக்கா. பாக்தாத் அரபு மட்டும் தெரிந்த பெண்ணாக இருந்தால் லண்டனில் என்ன செய்திருப்பாள்? நல்ல ஆங்கிலம் தெரிந்த, டைப்பிங் தெரிந்த, கணக்கெழுதத் தெரிந்த பெண் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை தேடிக்கொள்ளலாம். அந்தத் தகுதியைக் கொடுத்தது அவர்களே கட்டிய பள்ளி. பிள்ளைகளைப் பிடித்துவைக்கக் கட்டிய பள்ளி, அவர்கள் பறந்துபோகச் சிறகையும் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் நல்ல ரிசல்ட், ஒவ்வொரு வருடமும் வகுப்பில் தலைகள் குறைவு. போனவர்களில் பழைய மாணவிகள் பலரும் ரமா லடி என்ற நெடுநாள் தலைமையாசிரியையின் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். பள்ளி மறக்கவில்லை, ஊரும் மறக்கவில்லை. ஆனால் திரும்பி வரவில்லை.

1950-களில் பள்ளி பொல்லாக் தெருவை விட்டுப் பார்க் தெருவுக்கு வந்தது. யூதப் பிள்ளைகள் குறையக் குறைய மற்றவர்களைச் சேர்த்தார்கள். பார்க் தெருவுக்குப் பின்புறம் ரிப்பன் தெரு, பார்க் சர்க்கஸ் என்று முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகள். தங்கள் பெண்களைக் கோ-எட் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள். பாதுகாப்பாக ஒரு பெண்கள் பள்ளி, ஆங்கிலத்தில் நல்ல படிப்பு என்று தேடியவர்களுக்கு இந்தப் பள்ளி தோதாக அமைந்தது. 1881-இல் யூதத் தகப்பன்மார்கள் எந்தக் கவலையோடு இதை ஆரம்பித்தார்களோ, கிட்டத்தட்ட அதே கவலையோடு இன்னொரு சமூகத்துத் தகப்பன்மார்கள் அதே வாசலுக்கு வந்தார்கள். இன்றைக்கு அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். யூத மாணவி ஒருத்திகூட இல்லை. கல்கத்தாவில் மிஞ்சியிருக்கும் யூதர்களே இருபது பேருக்குள்தான் என்கிறார்கள், அவர்களிலும் பலர் வயதானவர்கள். கூட்டுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. அந்தப் பத்து சேர்வதே பெரும்பாடு. 2017 டிசம்பரில் மாகன் டேவிட்டையும் பெத் எல்லையும் பழுது பார்த்துத் திறந்தபோது வெளிநாடுகளுக்குப் போன பல குடும்பங்கள் வந்து கூடினார்கள். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள்.

யூதரும் முஸ்லிமும் என்றாலே டிவியில் நாம் பார்ப்பது வேறு. இங்கே ஒரு முஸ்லிம் பெண் தாவீதின் நட்சத்திரத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு தினமும் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. நாம்தான் புருவத்தை உயர்த்துகிறோம். இதை வைத்து உலக சமாதானம் பேச நான் வரவில்லை. அந்த அப்பா சொன்னதுதான் சரி. வீட்டுக்குப் பக்கம், ஃபீஸ் கட்டுப்படியாகிறது.

மும்பையிலும் இதே கதை உண்டு. 1875-இல் ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர் என்பவர் முயற்சியில் பெனே இஸ்ரேல் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஹாங்காங் கோடீஸ்வரர் எல்லி கதூரியின் நன்கொடையால் அவர் பெயரையே தாங்கி மஸ்காவ் பகுதியில் இன்றும் நடக்கிறது. பெனே இஸ்ரேல் குடும்பங்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பெஞ்சுகளில் இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்.

இதற்கு நேர் எதிராக ஒரு பள்ளியும் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. 1821-இல் ஆர்மீனியர்கள் ஆரம்பித்த ஆர்மீனியன் காலேஜ். பெயர்தான் காலேஜ், பள்ளிக்கூடம்தான். இங்கே ஆர்மீனியர்கள் குறைந்தபோது அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஈரான், ஆர்மீனியா என்று வெளியிலிருந்து தங்கள் இனத்துப் பிள்ளைகளை வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். மொழி நிற்கிறது, பாட்டு நிற்கிறது. ஆனால் அந்தத் தெருவில் வசிக்கும் பிள்ளைக்கு அதில் இடம் இருப்பது அபூர்வம். எது சரி? எனக்குப் பதில் தெரியவில்லை. இருநூறு வருடம் ஒரு மொழியை அந்நிய ஊரில் பிடித்துவைத்திருப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நம் கதையும் இதில் வருகிறது. 1923-இல் டெல்லியில், வெள்ளைக்காரன் ஆபீசோடு சிம்லாவுக்கும் டெல்லிக்கும் அலைந்துகொண்டிருந்த தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைக்கு ஏழு பள்ளிகளாக வளர்ந்திருக்கும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம். மும்பை மாட்டுங்காவில் 1932-இல் ஆரம்பித்த சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டியும் அதே மாதிரிதான். பெயரில் நாம் இருக்கிறோம். பெஞ்சில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். டெல்லியில் இருந்தபோது என் பெண் தமிழ்ப் பள்ளியில்தான் படித்தாள். அவள் பக்கத்து சீட்டு சிநேகிதி ஒரு பீகாரிப் பெண். நம்மாட்களில் சில பேர், "நம்ம ஸ்கூல்ல நம்ம பசங்களே குறைஞ்சு போச்சே" என்று அங்கலாய்ப்பார்கள். நானும் சேர்ந்து அங்கலாய்த்திருக்கிறேன். இப்போது அந்த அங்கலாய்ப்பு எனக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஒன்று, அது நஷ்டமே இல்லை. நாம் போட்ட பெஞ்சில் இன்னொருவர் பிள்ளை படித்து முன்னுக்கு வந்தால் அந்த நன்கொடை வீணாகவில்லை. பொல்லாக் தெருவில் பணம் போட்டவர்கள், நூற்று நாற்பது வருடம் கழித்து ஒரு தையல்காரர் மகள் இன்ஜினியரிங் படிக்கப்போவாள் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பள்ளியின் ஆண்டு அறிக்கையிலும் இதைவிடப் பெரிய சாதனையை நான் பார்த்ததில்லை. ஜூன் மாதம் பேப்பரைத் திறந்தால் முழுப்பக்க விளம்பரம், நூறு சதவீதம் தேர்ச்சி, முதல் மூன்று இடம், வரிசையாக போட்டோ. ஒரு வருடத்து ரிசல்ட்டை அப்படிப் போடலாம். ஒரு பள்ளி என்ன செய்தது என்பது தெரிய மூன்று தலைமுறை ஆகிறது.

இரண்டாவது, நஷ்டம்தான். பள்ளி தங்கியது, நட்சத்திரம் தங்கியது. பாட்டி பேசிய அரபு தங்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டால் மொழியை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது வீண். அது சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலை. அதை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

என் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிப்பது எழுத்துக்கூட்டித்தான். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்புகிறாள். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து வராது. அதனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள். அரபை எபிரேய எழுத்தில் எழுதியவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த வாட்ஸ்அப்தான். அவர்களுக்காவது அந்த எழுத்து தங்கள் வேதத்தின் எழுத்து. போன மாதத்திலிருந்து ஞாயிறு காலையில் அரை மணி நேரம் நானும் அவளும் தமிழ் வாசிக்கிறோம். பாதி நாள் அவள் கொட்டாவி விடுகிறாள், மீதி நாள் நான். ஆனாலும் நடக்கிறது.

அந்தக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட வந்த அன்று அந்தப் பெண்ணிடம் ரெஜினா குஹாவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெயரை மொபைலில் குறித்துக்கொண்டாள். "எங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எங்க ஸ்கூல் என்றுதான் சொன்னாள்.

அவள் அப்பா மறுநாள் நியூ மார்க்கெட் நஹூம்ஸிலிருந்து ஒரு பிளம் கேக் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். 1902-இலிருந்து நடக்கும் யூதர் கடை. வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி என்பதால் அதை அங்கேயே வெட்டி, அவருக்கும் ஒரு துண்டு கொடுத்து, கவுன்டரில் நின்ற எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டோம். விதியை மீறியதாகாது என்று நினைக்கிறேன். :-)

நீங்கள் இருக்கும் ஊரில் நம்மவர்கள் ஆரம்பித்த பள்ளி ஏதாவது இருந்தால், யார் எப்போது ஆரம்பித்தார்கள், இப்போது யார் படிக்கிறார்கள் என்று எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.